அம்மாவின் மூட்டு வலிக்கு

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். பாப்பாவின் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்படியில் கயிறு கட்டிப் போட்டாயிற்று. வீடு முழுக்க ஈரத்துணி வாடை.

செய்ய வேண்டியவை:
– தீசிஸ் இரண்டாம் அத்தியாயம். கைடு மேடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.
– பாப்பாவை டாக்டரிடம் காட்ட. நாளை. இனியும் தள்ளிப்போடக் கூடாது.
– ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குக் குறிப்பு.
– அ. நிறுத்த வேண்டும்.

அ. என்றால் அரிஷ்டம். யாரும் பார்க்காத டைரியில்கூட முழுதாக எழுதக் கை கூசுகிறது. என்ன பெரிய ரகசியம்! பேறுகாலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் குடிக்கிற மருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து கொட்டாரத்தில் அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்ததும் அம்மா சின்ன மூடியில் அளந்து காலையும் மாலையும் தந்தாள். மூன்று மாதம் ஆனதும் நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. இப்போது மூடி இல்லை, டம்ளர். காலையில் ஒன்று, மத்தியானம், சாயங்காலம். அம்மாவுக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என் தீசிஸ் தலைப்பு. ‘பாலூட்டும் தாய்மாரிடையே போதைப் பழக்கம்: ஆய்வுகளின் போக்கு.’ நர்சிங் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே செய்கிற பிஎச்.டி. உலகத்தில் இதைப் பற்றி யார் யார் என்ன எழுதினார்கள் என்று தேடி, பிரித்து, அட்டவணை போட வேண்டும். மது ஒரு கட்டம், புகையிலை ஒரு கட்டம், கஞ்சா, அபின். பழையவை எல்லாம் பாலில் எவ்வளவு இறங்குகிறது என்று பாலையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு பிள்ளையைப் பார்க்கத் தொடங்கினார்கள், எடை, உறக்கம், வளர்ச்சி. இப்போது வருகிறவைதான் தாயிடம் பேச்சுக் கொடுக்கின்றன. எதற்காக எடுக்கிறாய், ஏன் மறைக்கிறாய் என்று. இந்தக் கடைசி வகை வந்தால் மட்டும் சீக்கிரம் புரட்டிவிடுகிறேன். குறிப்பு எடுப்பதில்லை.

சாயங்காலம் அம்மா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, “எம் மக்கா எவ்வளவு நல்ல பிள்ள பாரு. கரையவே மாட்டா.” அழாத பிள்ளை என்று அம்மாவுக்குப் பெருமை. எதிர்வீட்டு அக்காவிடமும் சொன்னாள். நானும் சிரித்தேன். ஐந்து மாதப் பிள்ளை இப்படி உறங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். பாப்பாவோடு நாகர்கோவில், குழந்தை டாக்டர். கூட்டம் சொல்லி முடியாது. யாரோ ஒரு வாண்டு என் சேலையில் பிஸ்கட்டைத் தேய்த்துவிட்டது.

எனக்கு முன்னால் ஒரு கடற்கரை ஊர்ப் பெண். என்னைவிடச் சின்னவள், கையில் பால் குடிக்கிற பிள்ளை. அறைக்கதவு சாத்தவில்லை, பேசுவதெல்லாம் வெளியே கேட்டது. டாக்டர் அவளிடம் வேறு பழக்கம் ஏதாவது உண்டா என்றார். அவள் யோசிக்கவே இல்லை.

“வெத்தலையும் போயிலையும் போடுவேன் டாக்டரே. விடணும்னுதான் பாக்கேன், முடியல்ல.”

டாக்டர் ஏசினார். நல்ல ஏச்சு. அவள் தலை குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டு, “செரி, இனி நான் என்ன செய்யணும், அதச் சொல்லுங்க” என்றாள். வெளியே வந்தவளை நான் ஒரு பார்வை பார்த்தேன். மாணவிகள் பயப்படுகிற டீச்சர் பார்வை. அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

என் முறை. தராசில் பாப்பா. டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். எடை ஏறவே இல்லை. பால் குடிக்கிறாளா? குடிக்கிறாள், பாதியில் உறங்கிவிடுகிறாள். எழுப்பினால்? எழும்ப மாட்டாள்.

“நீங்க மருந்து எதாவது எடுக்கியளா மேடம்?”

“இல்ல டாக்டர்.”

எவ்வளவு சுலபமாக வந்தது! என்னிடம் பழக்கம் உண்டா என்று அவர் கேட்கவே இல்லை. “ஒங்களுக்கு நான் சொல்லணுமா, நீங்களே பாடம் சொல்லிக் குடுக்கிறவங்க” என்று சிரித்தார். எதற்கும் ரத்தம் பார்த்துவிடலாம் என்று எழுதிக்கொடுத்தார். இல்லாத நோயைத் தேடி பாப்பாவின் கையில் குத்தினார்கள். குத்தும்போது மட்டும் அழுதாள். அதுவும் கொஞ்சம்.

நான் சொன்ன பொய்க்கு அவளுடைய ரத்தம். சீ, நானும் ஒரு தாய்.

இதோடு முடிந்ததா? இல்லை. திரும்பும்போது வடசேரி பஸ் ஸ்டாண்ட். பக்கத்து வைத்தியசாலை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே.

“அம்மைக்கு மூட்டு வலி எப்பிடி இருக்கு டீச்சரே? கொறஞ்சுதா?”

“எங்க அண்ணாச்சி, அப்பிடியேதான் இருக்கு.”

“அரிஷ்டம் விடாம குடுங்க, கொறயும்.”

அம்மாவுக்கு மூட்டு வலி கிடையாது. ஆலயப் படியை ஓட்டமாக ஏறுகிறவள். பாட்டில் பாப்பாவின் பைக்குள், மாற்றுத்துணிக்கு நடுவில், சத்தம் வராமல்.

ஜூலை 10, வியாழன்

கல்லூரி. சாரல் மறுபடியும். குடை பஸ்ஸில் போயிற்று.

மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் பாடம். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, “மேம், குடிக்கிற அம்மா பால் குடுக்கலாமா?” வகுப்பில் சிரிப்பு. சிரிப்பை அடக்கிவிட்டு, அடுக்காகச் சொன்னேன். பால் சுரப்பு குறையும், பிள்ளை மயங்கி உறங்கும், எடை ஏறாது, தாய் ஒளிப்பாள் ஆகவே நாம் ஏசாமல் கேட்க வேண்டும். பலகையில் எழுதும்போது கை நடுங்கியது. எழுத்துக் கோணிற்று. அழித்து எழுதினேன்.

மத்தியானம் தலைவலி. கைப்பையில் பழைய இருமல் மருந்து பாட்டில், அதற்குள் அ. கழிவறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு! குடிப்பதற்குச் சத்தம் உண்டா என்ன? பிறகு ஏலக்காய் மென்றுகொண்டு ஸ்டாஃப் ரூம். எல்லாரும் பாப்பா படம் கேட்டார்கள். காட்டினேன். “என்ன அமைதி, சாமி மாதிரி” என்றார்கள்.

எதற்குத்தான் குடிக்கிறேன்? எழுதிப் பார்க்கிறேன். பாப்பாவின் அப்பா ஸ்டான்லி, அவளைப் பார்த்துவிட்டு லீவு முடிந்து மஸ்கட் போய்விட்டார். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல். இடுப்பு வலி. பாப்பா அப்போது நன்றாக அழுவாள், தெருவே கேட்கும். அழ அழ எனக்கு அவளைத் தூக்கி எங்கேயாவது வைத்துவிட்டு ஓடிவிடலாம் போல இருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. மருந்து குடித்தால் நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று இறங்கும். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை என்று தோன்றும். அவ்வளவுதான் காரணம். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை என்று தோன்றுவதற்காகக் குடிக்கத் தொடங்கினேன். இப்போது அவள் அழுவதே இல்லை.

வீட்டுக்கு வந்து அத்தியாயத்தில் உட்கார்ந்தேன். எந்தக் கட்டுரையைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு விதி இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது நானே எழுதியது. ‘மருந்தாக உட்கொள்பவை இந்த ஆய்வில் சேரா.’ அடேயப்பா. எவ்வளவு அழகாக என்னையே வெளியில் விட்டிருக்கிறேன்.

ஸ்டா. வீடியோவில். “எப்ப விளிச்சாலும் உறங்கிட்டே இருக்காளே பியூலா. ஒரு தடவ எனக்காகக் கண்ணத் தொறக்கச் சொல்லு.” கன்னத்தைத் தட்டினேன். பாதிக் கண் திறந்து மூடிக்கொண்டாள். அவர் சிரித்தார். நான் நெட் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

நாளை எங்கள் ஆலயத்தில் மதுவிலக்கு ஞாயிறு. அம்மா பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். வீட்டில் கல்யாணக் களை.

பேச்சு என்னுடையது. போதகர் ஐயா சொல்லிவிட்டாராம், “நம்ம பியூலாதான அதப் பத்தி ஆராய்ச்சி செய்யுது, வேற ஆள் எதுக்கு?” மறுத்துப் பார்த்தேன். அம்மா விடவில்லை. கூடத்தில் அப்பா இளவயதில் கையெழுத்துப் போட்ட மதுவிலக்கு அட்டை, சட்டம் போட்டு மாட்டியது. அப்பா போன பிறகும் அம்மா வாராவாரம் அதைத் துடைப்பாள். இன்றைக்கும் துடைத்தாள். “இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்ததில்ல, கேட்டியா. அதச் சொல்லு நாளைக்கு. தைரியமாச் சொல்லு.”

அடுப்பில் திராட்சைச் சாறு. திருவிருந்துக்கு அம்மாதான் தயார் செய்வாள், வேறு யாரையும் நம்ப மாட்டாள். “நல்லா திளைக்கட்டும்” என்று கொதிக்கிற பாத்திரத்துப் பக்கத்திலேயே நின்றாள். “கொஞ்சம் புளிச்சாலும் அது சாராயம் ஆயிரும். ஆண்டவருக்க மேசையில அத வைக்கப்பிடாது.”

பிறகு பைகள் கட்டினோம். ஐக்கியத்தில் ஒரு வழக்கம், சபையில் பிள்ளை பெற்றவர்களுக்கு வருஷத்தில் ஒரு ஞாயிறு பேறுகாலப் பை கொடுப்பது. பிள்ளைச் சட்டை, சோப்பு, பவுடர், துண்டு, ஒரு பாட்டில் அரிஷ்டம். அம்மா தொடங்கிய வழக்கம்தான். அது நாளைக்கே. சாப்பாட்டு மேசை மேல் பாட்டில்கள் வரிசையாக. நான் ஒவ்வொன்றாகத் துணிக்குள் சுற்றி வைத்தேன்.

“ஒனக்க கையாலயே குடு மக்கா. படிச்ச பிள்ள குடுத்தா அதுகளுக்கும் ஒரு சந்தோசம்.”

அம்மா எண்ணி வைத்திருக்காவிட்டால் ஒரு பாட்டிலை எடுத்திருப்பேன். எடுத்தே இருப்பேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பையிலிருந்து.

ஜூலை 13, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் நாளைக்கு இதையும் மறைத்துவிடுவேன்.

காலையில் புறப்படும் முன்னால் ஒரு டம்ளர். நடுக்கம் நிற்பதற்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆலயம் நிறைந்திருந்தது. உறுதிமொழி எடுக்க எல்லாரும் எழும்பி வலதுகையை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். இடதுகையில் பாப்பா, தோளில் தலை சாய்த்து உறக்கம். ‘மதுவைத் தொடேன், என் வீட்டில் அனுமதியேன்.’ வாயில் ஏலக்காய். சத்தமாகவே சொன்னேன், பக்கத்தில் அம்மா நின்றதால்.

பேச்சு நன்றாக வந்தது. அதுதான் பெரிய கேவலம். ஆராய்ச்சி எப்படிப் பாலிலிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிலிருந்து தாயின் மனசுக்கும் திரும்பியிருக்கிறது என்று எளிமையாகச் சொன்னேன். குடிக்கிற தாயை ஏசாதீர்கள், அவளுக்கு வெட்கம் ஏற்கெனவே போதும் என்றேன். பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அம்மா கண்ணைத் துடைத்தாள்.

பிறகு பைகள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசியில் ஷீபா. எங்கள் தெருவில் பின்வீடு, முதல் பிள்ளை, நாற்பது நாள் கழிந்து முதல்முறையாக ஆலயத்துக்கு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. பையை வாங்கிப் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, இது எவ்வளவு குடிக்கணும்? எத்தன நாளைக்கு?”

மைக் என் கையில். அது எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் என் பதிலுக்குப் பார்த்தார்கள். சொல்வதற்கு அதைவிட நல்ல இடமும் நேரமும் ஆண்டவர் தர முடியாது.

“மருந்துதானே ஷீபா” என்றேன். “ஒடம்புக்கு நல்லது. குடி.”

அளவு சொல்லவில்லை. அளவு சொன்னால் என் அளவு ஞாபகம் வரும். கைதட்டினார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

அம்மா காய்கறிக்கு வடசேரி போனாள். பாப்பாவுக்குத் தேய்க்க எண்ணெய் வாங்கலாம் என்று அந்த வைத்தியசாலையில் ஏறியிருக்கிறாள்.

நான் அடுப்படியில் பயறு உரித்துக்கொண்டிருந்தேன். பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

“ஏட்டி, எனக்கு எப்பம்டி மூட்டு வலி வந்துது?”

ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. இத்தனை நாள் வரிசையாக வந்தவை ஒன்றுகூட வரவில்லை. அழுதுவிட்டேன். எல்லாம் சொன்னேன். டம்ளர், இருமல் மருந்து பாட்டில், கல்லூரிக் கழிவறை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். “இதுக்குப் போயி எதுக்குட்டி கரையுத? மருந்துதானே. கேட்டா நான் வாங்கித் தரமாட்டனா? ஒளிச்சா குடிக்கணும்?”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை ஏசக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை.

“அம்மா, அதும் புளிச்சதுதான்.”

“எது?”

“அரிஷ்டம். புளிக்க வச்சுத்தான் செய்வாங்க. சாராயம் அதுக்குள்ளயே உண்டாவும். நீங்க திராட்சைய எதுக்காகத் திளைக்க வச்சிய, அதே சங்கதிதான்.”

அம்மாவின் கை என் முதுகில் அப்படியே நின்றது. பிறகு கூடத்து அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பம் நானாட்டி ஒனக்கு ஊத்தித் தந்தேன்?” என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரல். அம்மாவிடம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

மூடி அளவில் தந்ததோடு நீங்கள் நிறுத்தினீர்கள், டம்ளருக்குப் போனது நான் என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் பால் குடிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு வரை கெடுதல் இல்லை என்பது எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி மேடையில் நின்றேன்.

“அந்தப் பிள்ளையளுக்கெல்லாம் குடுத்தோமே” என்று மட்டும் அம்மா சொன்னாள்.

என் அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்துப்போய் அம்மா தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயில் எச்சில் ஊறியது. இதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 16, புதன்

டாக்டர். அம்மாவும் வந்தாள். கதவைச் சாத்தலாமா என்று கேட்டுவிட்டுச் சொன்னேன்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லையாம். அவர் அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். “நான் கேட்டப்பமே சொல்லியிருக்கலாமே மேடம்.” இவ்வளவுதான். அந்தக் கடற்கரைப் பெண்ணுக்குக் கிடைத்த ஏச்சு எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது, அவருக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எப்படிப் பால் கொடுப்பது, கூட என்ன கொடுப்பது, எப்போது எடை பார்ப்பது, எல்லாம் எழுதித் தந்தார். எனக்கு வேறொரு டாக்டர். மனநலம். கை நடுக்கத்தைப் பார்த்து, இன்றைக்கே போங்கள் என்றார். போனேன். அங்கே ஒரு மணி நேரம் பேசினேன். பாப்பாவைத் தூக்கி வைத்துவிட்டு ஓடத் தோன்றியதையும் சொன்னேன். அந்த டாக்டர் அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

கைடு மேடத்துக்குப் போன் செய்து அந்த விதியை எடுக்க வேண்டும், மருந்தாகக் குடிப்பவையும் சேர வேண்டும் என்றேன். “பாதி வேல முடிஞ்சாச்சேம்மா, இப்பம் போயி எதுக்கு மாத்துத?” காரணம் நேரில் சொல்கிறேன் என்றேன். சொல்வேனா தெரியவில்லை. ஸ்டா.விடமும் இன்னும் சொல்லவில்லை.

உடம்பெல்லாம் வேர்வை. சோறு இறங்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மழை இல்லை. துணி எல்லாம் காய்ந்தது.

காலையில் பாப்பா அழுதாள். பசி அழுகை. முகம் சிவந்து, காலை உதைத்து, தெருவே கேட்கிற பழைய அழுகை. எதிர்வீட்டு அக்கா, “என்னட்டி, பிள்ளைக்குச் சொவமில்லியா?” என்று ஓடிவந்தாள். அம்மா, “இல்ல, பசிக்கி” என்றாள். எனக்கு அந்தச் சத்தம் தலைக்குள் அறைந்தது. அ. வேண்டும் போல இருந்தது. வேண்டும் போலத்தான் இருந்தது, உண்மை. உட்கார்ந்து பால் கொடுத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

நேற்றே அம்மா பை வாங்கியவர்கள் வீடுகளுக்கு நடந்து முடித்துவிட்டாள். என்ன சொன்னாள் என்று சொல்லவில்லை, வந்து படுத்துவிட்டாள். ஷீபா வீட்டை மட்டும் விட்டுவைத்திருந்தாள். “அது நீ போவணும்” என்றாள்.

பத்து மணிக்குப் போனேன். ஷீபா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளுடைய மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வா மக்கா வா. ஞாயிற்றுக்கிழம என்ன பேச்சு பேசின! நீ தந்த மருந்து கொள்ளாம் கேட்டியா. இவளுக்கும் நல்ல உறக்கம், பிள்ளைக்கும் நல்ல உறக்கம். முந்தி என்ன கரைச்சல்! இப்பம் கரையவே இல்ல.”

சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார். பஞ்சு மாதிரிக் கிடந்தான். ஜன்னல் ஓரத்தில் பாட்டில், முக்கால்வாசி தீர்ந்திருந்தது. பக்கத்தில் டம்ளர்.

சொன்னேன். அது என்ன, அதில் என்ன உண்டாகும், பாலில் எப்படி இறங்கும், இனி வேண்டாம், இன்றைக்கே பிள்ளையை டாக்டரிடம் காட்டுவோம், நானும் வருகிறேன். மாமியார் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஷீபா குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை கேட்ட மாதிரியே.

“அப்பம் அன்னைக்கு மைக்க கையில வச்சிட்டு ஏன்க்கா இதச் சொல்லல்ல?”

“நானும் குடிச்சிட்டுதான் நின்னேன் ஷீபா.”

ஷீபா கட்டிலிலிருந்து இறங்கி வந்து, என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.